எழுபத்தெட்டு விநாடி

சுகிர்தம் தினமும் காலையில் வேலையை ஆரம்பிப்பதே தன் கையில் ஊசி குத்திக்கொண்டுதான். ராயபுரத்தில், துறைமுகத் தொழிலாளிகளும் மீன்பிடிக்கிறவர்களும் வந்துபோகிற ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அவளுடைய பொறுப்பு. சமையற்கட்டுக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வரும். மூடினால் ஸ்பிரிட் அடுப்பின் சூடு தாங்காது. அவள் மூடியே வைத்திருந்தாள்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். அவளுக்கு இருபத்து நான்கு வயது. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கருப்பட்டியும் மளிகையும் விற்கிற தவசிமுத்துவின் மூத்த மகள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து கடை போட்ட குடும்பம். பள்ளி இறுதி முடித்து, ஒரு வருஷம் பரிசோதனைப் படிப்பும் படித்து, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் இரண்டு வருஷம் சிறுநீரில் சர்க்கரை, மலத்தில் பூச்சி, சளியில் கிருமி என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற வேலைதான். சீமையில் படித்துவிட்டு டாக்டர் ஜேக்கப் வந்த பிறகுதான் இந்த ஊசி குத்தல் தொடங்கியது.

பிரசவமான பத்தாம் நாள் ஒரு கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வெளுத்து வீங்கிப்போகிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆபரேஷன் நன்றாக முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்து உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்ததையும் பார்த்திருக்கிறாள். காயம் எதுவும் இல்லாமல் ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோவதால் வருகிற வினை இது. அதுவரை காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். டாக்டர் ஜேக்கப் ஒரு மாத்திரையோடு வந்தார்.

"இது ரத்தத்தை உறையவிடாது," என்று அவளிடம் சொன்னார். "குறைத்துக் கொடுத்தால் கட்டி வளரும். கூட்டிக் கொடுத்தால் ஆள் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து போய்விடுவார். நேற்றுக் கொடுத்தது இன்றைக்கு வேலை செய்யாது, நாளைக்கும் மறுநாளும்தான் செய்யும். அதனால் தினமும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது நீதான்."

அந்தச் சோதனைக்கு மருந்துக் கடையில் பொருள் கிடைக்காது. மூர் மார்க்கெட்டில் முயல் வாங்கிவந்து, அதன் மூளையை எடுத்துக் கழுவி, அம்மியில் மஞ்சள் அரைப்பதைவிடப் பொறுமையாகக் கல்வத்தில் அரைத்து, காயவைத்துப் பொடியாக்க வேண்டும். அந்தப் பொடியைக் கரைத்த நீரில் நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த மஞ்சள் நீரை விட்டு, சுண்ணாம்புச் சத்து உள்ள மருந்தையும் சேர்த்த அந்தக் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். குழாய் உடம்புச் சூட்டில் உள்ள வெந்நீரில் நிற்கும். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், தண்ணீராய் ஓடிக்கொண்டிருப்பது ஒரு நொடியில் நூலாம்படை மாதிரி ஒரு இழை விட்டு நின்றுபோகும். அந்த இழை தெரிகிற நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். நல்ல உடம்புக்காரருக்குப் பதின்மூன்று விநாடி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது வரை இருந்தால் சரி.

நான்கு மாதம் அவளுக்கு அது பிடிபடவில்லை. ஒரே ரத்தத்துக்கு ஒரு தரம் பதினொன்று வரும், மறுதரம் பதினேழு வரும். பிறகு ஒருநாள் பிடிபட்டது. அதற்குப் பிறகு, ஒரு ரத்தத்தை ஐந்து தரம் பார்த்தாலும் அரை விநாடிக்கு மேல் வித்தியாசம் வராது. டாக்டர் ஜேக்கப்பே தன் கையால் செய்து பார்த்துவிட்டு, "எனக்கு வராது," என்று குழாயை அவளிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் பஸ் ஏறாமல் தண்டையார்பேட்டை வரைக்கும் நடந்தே வீட்டுக்குப் போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் சொன்னால் முயல் மூளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

நோயாளியின் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நல்ல ரத்தம் ஒன்றைப் பார்த்து, பொடியும் சூடும் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தினமும் யாரைக் கூப்பிடுவது? தன் கையையே நீட்டினாள். முழங்கை மடிப்பில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுந்தது. பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் காப்பியை வாங்கும்போது அதைப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பொண்ணுக்கு என்ன சீக்குன்னு கேக்காவட்டி," என்றார் தவசிமுத்து, அவர்கள் போன பிறகு. "நான் என்னத்தச் சொல்ல?"

"ஒரு சீக்கும் இல்லன்னு சொல்லுங்கப்பா. நல்ல ரத்தம் வேணும்ன்னுதான் என் ரத்தத்த எடுக்கேன்."

அவர் கடைக்குப் போய்விட்டார். மகள் ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "எழுத்து வேல" என்று சொல்லிவிடுவார்.

ஷாகுல் ஹமீது அந்த வருஷம் ஆடி மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். கப்பல் வயிற்றிலிருந்து இரும்புப் பட்டைகளைத் தூக்கும்போது கட்டு அவிழ்ந்து ஒன்று அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்து எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்திருந்தார். நான்காவது வாரம் தொடை வரைக்கும் வீங்கியது. ஒருநாள் காலையில் நெஞ்சில் கத்தி குத்தியதுபோல வலித்து, இருமலோடு ரத்தம் வந்தது.

இருமலில் ரத்தம் என்றதும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காசநோய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீட்டுச் சந்து வரைக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது. அவருடைய மனைவி காத்தூன் பீவி வார்டு வாசலில் டாக்டர் ஜேக்கப்பை மறித்து நின்றாள். பெட்டி மாதிரி உடம்பு, வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் பயப்படாத குரல்.

"இன்னா டாக்டர், டீபீயா? பொய் சொல்லாம சொல்லு. சந்துல ஒருத்தியும் என் வூட்டுப் பக்கம் வர மாட்றா."

"டீபீ இல்லை அம்மா. அசையாமல் படுத்திருந்ததில் கால் நரம்புக்குள்ளே ரத்தம் உறைந்துவிட்டது. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இன்னொரு துண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."

"அப்போ நான் எல்லாருக்கும் சொல்லிடுவேன், டீபீ இல்லன்னு."

"சொல்லுங்கள்."

அவள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேளைக்குச் சோறு கொண்டுவந்தாள்.

ஷாகுல் ஹமீதுக்கு முதல் இரண்டு நாள் ஊசி, பிறகு மாத்திரை. தினமும் காலை எட்டு மணிக்கு சுகிர்தம் ரத்தம் எடுப்பாள். பத்து மணிக்கு விநாடியை எழுதி அனுப்புவாள். சாயங்காலம் நாலு மணிக்கு அதைப் பார்த்து மாத்திரை. பதினாறு, பத்தொன்பது, இருபத்து நான்கு, இருபத்தேழு என்று ஏறி அங்கேயே நின்றது. வீக்கம் வடிந்தது. ஷாகுல் ஹமீது தானே கேட்க ஆரம்பித்தார்.

"நேத்து எத்தினி?"

"இருபத்தேழு."

"சோக்கா கீது. இன்னிக்கும் அதே வரும் பாரு."

சனிக்கிழமையும் இருபத்தேழுதான். டாக்டர் ஜேக்கப் அதற்கு முந்தின நாளே வேலூர் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை அறைக்கு விடுமுறை. சனிக்கிழமை விநாடியை வைத்தே ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் கொடுப்பது வழக்கம்.

திங்கட்கிழமை காலையில் சுகிர்தம் முதலில் தன் ரத்தத்தைப் பார்த்தாள். பதின்மூன்று. பிறகு ஷாகுல் ஹமீதின் குழாயைச் சாய்த்தாள். இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. நாற்பதும் தாண்டியது. ஐம்பதிலும் அது தண்ணீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டாவது விநாடியில்தான் ஒரு மெல்லிய இழை தெரிந்தது.

திரும்பச் செய்தாள். எழுபத்தெட்டு. வெந்நீரின் சூட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தன் ரத்தத்தை மறுபடி வைத்துப் பார்த்தாள்; பதின்மூன்று. மூன்றாம் முறையாக ஷாகுல் ஹமீதின் ரத்தம். எழுபத்தேழரை.

சீட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, தானே எடுத்துக்கொண்டு பணி டாக்டரின் அறைக்குப் போனாள். டாக்டர் அருள்பிரகாசம் படிப்பு முடித்து ஆறு மாதம் ஆனவர். வரிசையில் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

"இது தப்பாக இருக்கும்," என்றார் சீட்டைப் பார்த்து. "சனிக்கிழமை இருபத்தேழு. அதே அளவு மாத்திரை. ரெண்டு நாளில் எழுபத்தெட்டு எப்படி வரும்? உன் பொடி கெட்டுப்போயிருக்கும்."

"பொடி நல்லா இருக்கு டாக்டர். என் ரத்தம் பதிமூணுதான் வருது. மூணு தடவ பார்த்துட்டேன்."

"நிறுத்திவிட்டால், கட்டி இன்னொரு துண்டு நெஞ்சுக்குப் போனால்? டாக்டர் ஜேக்கப்புக்கு யார் பதில் சொல்வது, நீயா? மாத்திரையை நிறுத்த வேண்டாம். நாளைக்குத் திரும்பப் பார்ப்போம்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சுகிர்தம் வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. பரிசோதனை அறைக்காரர்கள் வார்டில் போய் வைத்தியம் பேசக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் அவள் அந்த இழைக்காக எழுபத்தெட்டு விநாடி காத்திருந்தவள். அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

நேராக ஆண்கள் வார்டுக்குப் போனாள். காத்தூன் பீவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாஸ்தா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, மறுபடியும் ரத்தமா?" என்றார் ஷாகுல் ஹமீது.

"இல்ல. ஒண்ணு கேக்கணும். எங்கயாவது ரத்தம் வருதா உங்களுக்கு?"

"காத்தால பல்லு வெளக்கும்போது வந்துச்சி. எகிறு வீக்கம்ன்னு நெனச்சேன்."

காத்தூன் பீவி அவர் சட்டையை விலக்கிக் காட்டினாள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. "யாரும் அடிக்கல, எங்கியும் வுழல. நேத்துலேந்து கீது."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா? நாங்க குடுக்காதது?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "கால் வலி தாங்கல. எங்க செட்டு ஆளு மாசானம் வாங்கியாந்து குட்த்தான். தலைவலி மாத்திரதான். நாலு நாளா மூணு வேளைக்கு மும்மூணு துன்றேன்."

சுகிர்தம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "இனிமே இது வேண்டாம். நாலு மணிக்குக் குடுக்கற மாத்திரையும், நான் டாக்டர கூட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் சாப்பிடாதீங்க."

"டாக்டர் சொன்னாரா?"

அவள் பொய் சொல்லவில்லை. "இல்ல. நான் சொல்றேன்."

ஷாகுல் ஹமீது தலையை ஆட்டினார். "கப்பல்ல வின்ச்சுக்காரனுக்குக் கீழ இன்னா நடக்குதுன்னு தெரியாது. சிக்னல்காரன்தான் எட்டிப் பாத்து கை காட்டுவான். அவன் நிறுத்துன்னா நிறுத்தணும். கேப்டனே பின்னால நின்னு கத்தினாலும் சரி. நீ போய்ட்டு வா. நான் துன்ன மாட்டேன்."

அவள் மறுபடி பணி டாக்டர் அறைக்குப் போனபோது விஷயம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. வார்டு நர்சு சொல்லியிருந்தாள். டாக்டர் அருள்பிரகாசத்தின் முகம் சிவந்திருந்தது.

"நோயாளியிடம் போய் மாத்திரை சாப்பிடாதே என்று சொன்னாயா?"

"சொன்னேன் டாக்டர். அதுக்கு என்ன தண்டனையோ அப்புறம் குடுங்க. இப்ப அஞ்சு நிமிஷம் என் அறைக்கு வாங்க. வாட்சை நீங்களே பிடிங்க. நான் தொடல."

காத்திருந்த ஜனங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போவதா, வேண்டாமா என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை. அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, திமிரும் இல்லை. எழுந்து வந்தார்.

பரிசோதனை அறையில் சுகிர்தம் தன் ரத்தத்தை முதலில் வைத்தாள். அவர் வாட்சை அழுத்தினார். பதின்மூன்றில் இழை விழுந்ததை அவரே பார்த்து நிறுத்தினார். பிறகு ஷாகுல் ஹமீதின் ரத்தம். முப்பதில் அவர் குழாயை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். ஐம்பதில் மூச்சு விட மறந்தவர் மாதிரி நின்றார். எழுபதில், "போதும்," என்றார்.

"இருங்க டாக்டர். முழுசா பாருங்க."

எழுபத்தொன்பதில் நிறுத்தினார். அவள் மேஜைமேல் தலைவலி மாத்திரைப் பொட்டலத்தை வைத்தாள். விலாவில் இருந்த நீலத்தையும் பல் ஈறையும் பற்றிச் சொன்னாள்.

அவர் ஓடினார். அந்த வார்த்தைதான் சரி. வெள்ளைக் கோட்டின் பித்தான் அவிழ, டாக்டர் ஜேக்கப் அறைக்கு ஓடிப் புத்தகத்தைப் புரட்டினார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"தலைவலி மாத்திரையும் நிறையச் சாப்பிட்டால் இதே வேலையைத்தான் செய்யுமாம். ரெண்டும் சேர்ந்துவிட்டது. வைட்டமின் கே ஊசி போடச் சொல்லிவிட்டேன், ஆனால் அது வேலை செய்ய நேரமாகும். புதிதாக எடுத்த ரத்தம் ஏற்ற வேண்டும். மூன்று பாட்டிலாவது. யாரிடம் இருக்கிறது?"

யாரிடமும் இல்லை. அந்த நாளில் ரத்தம் கொடுக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு. ரத்தம் கொடுத்தால் தெம்பு போய்விடும், திரும்ப ஊறாது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. பதினொரு மணிக்கு ஷாகுல் ஹமீதின் சிறுநீர் சிவப்பாக வந்தது. காத்தூன் பீவி அதைப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சுகிர்தத்தின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னுத எடு."

எடுத்துப் பார்த்தால் அவள் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. சுகிர்தம் அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "பதினாறு வருசம் கூட வாழ்ந்தேன், ரத்தம் சேரலியாமே," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே இறங்கிவிட்டாள்.

துறைமுக வாசலில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அங்கே அவள் பேசியதை மாசானம் பிறகு பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறான். கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, நூறு ஆம்பிளைகளுக்கு முன்னால் குரல் கொடுத்தாளாம்.

"எங்க ஷாகுல் அண்ணன், எங்க ஷாகுல் அண்ணன்னு சொல்லிகினு கீறீங்களே, யாரு வர்றீங்க? அவரு உங்க தலைக்கு மேல டன் கணக்குல சரக்கத் தூக்கினாரு. ஒருத்தன் தலைலயாச்சும் போட்டாரா? இன்னிக்கு அவருக்கு ரத்தம் ஓணும். நான் குட்க்கப் போனேன், சேரல. பெண்டாட்டி நானே கைய நீட்டினேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

முதலில் வந்தது மாசானம்தான். கையில் சோற்றுத் தூக்கு அப்படியே இருந்தது. "அந்த மாத்திரைய நான்தான் வாங்கி குட்த்தேன், அக்கா," என்றான். முகம் செத்துப்போயிருந்தது. அவன் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். கரி படிந்த கை, கடல் உப்புப் பூத்த வேட்டி. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது அத்தனை பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள்.

சுகிர்தம் பத்துப் பேருக்கும் வகை பார்த்தாள். நான்கு பேருடையது சேர்ந்தது. மாசானத்தினுடையதும் அதில் ஒன்று. அவனுக்கு ஊசி போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என் தெம்பு பூடுமா?"

சுகிர்தம் தன் கையைத் திருப்பி முழங்கை மடிப்பைக் காட்டினாள். "நான் ஒரு வருஷமா தினமும் எடுக்கறேன். என்னப் பாத்தா தெம்பு போன மாதிரியா இருக்கு?"

அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து, பாட்டிலில் ரத்தம் இறங்குவதைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் வெளியே போய், "ஒன்னியும் ஆவலடா, வா வா," என்று அடுத்தவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்று பாட்டில் ஏறியது. டாக்டர் அருள்பிரகாசம் கட்டிலை விட்டு நகரவில்லை. ஐந்தரைக்கு சுகிர்தம் மறுபடி ரத்தம் எடுத்தாள். நாற்பத்தொன்று. மறுநாள் காலையில் முப்பத்து மூன்று; சிறுநீரில் நிறம் தெளிந்திருந்தது. புதன்கிழமை இருபத்தாறு.

டாக்டர் ஜேக்கப் வேலூரிலிருந்து பெட்டியோடு நேரே வார்டுக்கு வந்தார். யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று சுகிர்தம் தூணோரம் நின்றாள். டாக்டர் அருள்பிரகாசம்தான் பேசினார்.

"சார், திங்கட்கிழமை சுகிர்தம் எழுபத்தெட்டு என்று கொண்டுவந்தார்கள். தப்பு என்று நான் திருப்பி அனுப்பினேன். அவர்கள் விதியை மீறி வார்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அன்றைக்கு அதையும் கொடுத்திருந்தால் இவர் இருந்திருக்க மாட்டார்."

வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்படி ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று சுகிர்தத்துக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவரை மரியாதையில்லாமல் நினைத்ததே இல்லை.

டாக்டர் ஜேக்கப் அவள் நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு அங்கேயே நின்றபடி ஒரு உத்தரவு எழுதினார். இனி இந்த மாத்திரை எந்த நோயாளிக்கும் பரிசோதனை அறையின் கையெழுத்து இல்லாமல் கொடுக்கப்படாது. சுகிர்தம் நிறுத்தச் சொன்னால் டாக்டர் வந்து பார்க்கும் வரை நிறுத்த வேண்டும். எழுதி முடித்து அவளைப் பார்த்தார்.

"வேறு ஏதாவது சேர்க்கணுமா?"

"ஞாயித்துக்கிழம, டாக்டர்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமயும் பாத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. இனிமே நான் வர்றேன்."

சொல்லிவிட்டாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தவசிமுத்து கிறிஸ்தவ சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை கடைப் பலகையை ஒரு நாளும் திறந்தவர் இல்லை. கோயிலுக்குப் போவது தவிர அன்றைக்கு வீட்டில் வேறு வேலை கிடையாது. சனிக்கிழமை காலை வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் காத்தூன் பீவி தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்தாள். விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கடையில் கூட்டம்.

"நைனா, ஆஸ்பத்திரில ரத்தம் பாக்குற சுகிர்தம்மா உன் பொண்ணா?"

தவசிமுத்து நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கையில் பிடித்தபடி, "ஆமா, ஏன் கேக்கிய?" என்றார்.

அவள் சொன்னாள். கடை வாசலில் நின்று, வந்தவர் போனவர் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, தலைவலி மாத்திரையிலிருந்து துறைமுக கேட் வரைக்கும், தனக்கே அந்தச் சோதனை வராது என்று சீமை டாக்டர் வார்டில் சொன்னதையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் கருப்பட்டியை மறந்து நின்றார்கள். டாக்டரை எதிர்த்து நின்றதைச் சொல்லும்போது ஒருவர், "பொம்பளப் புள்ளயா?" என்றார்.

"பொம்பளப் புள்ளதான். இதோ, இவரு பெத்த புள்ள," என்றாள் காத்தூன் பீவி. "நைனா, நான் தாங்க்ஸ் சொல்ல வர்ல. அந்தப் பொண்ண இப்பிடி வளத்த ஆளு எப்பிடி இருப்பாருன்னு பாக்க வந்தேன். பாத்துட்டேன்."

அவள் போய்விட்டாள். தவசிமுத்து வெகு நேரம் தராசைக் கீழே வைக்கவில்லை. பக்கத்துக் கடை ராசையா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, மவ எழுத்து வேலன்னுல்லா சொன்னிய?" என்று கேட்டார்.

"தெரியாமச் சொல்லிட்டேன்," என்றார் தவசிமுத்து. "எம்மவ ரத்தம் பாக்கா. அது உறையுத நேரத்தக் கண்ணால பாத்துச் சொல்லுதா. சீமைக்குப் போயிட்டு வந்த டாக்டருக்கே அது வராதாம்."

அன்று மாலை சுகிர்தம் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். அவள் கையைப் பிடித்துத் திருப்பி, அந்தத் தழும்புகளைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அந்தத் தைரியத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னாள்.

"ஆராதன எட்டரைக்குல்லா," என்றார் அவர். "உனக்கு எத்தன மணிக்குப் போகணும்?"

"ஏழுக்குப் போனா, முடிச்சிட்டு வர ஒன்பதாயிரும்ப்பா."

அவர் யோசித்தார். "தனியா போவாண்டாம். நானும் வாரேன்."

மறுநாள் காலை, வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, கக்கத்தில் வேத புஸ்தகத்தோடு, தவசிமுத்து முதல் தடவையாக அந்த ஒற்றை ஜன்னல் அறைக்குள் வந்தார். உட்கார ஸ்டூல் இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். மகள் தன் கையில் ஊசி குத்தியபோது அவர் முகம் சுளித்தது. ஆனால் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு அவள் வார்டுக்குப் போய் ஷாகுல் ஹமீதின் ரத்தத்தோடு வந்தாள். தெளியவைத்தாள், பொடிக் கரைசலை அளந்துவிட்டாள், குழாயை வெந்நீரில் இறக்கினாள், வாட்சை அழுத்தினாள்.

அறையில் வாட்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் குழாயைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் தண்ணீர்தான் தெரிந்தது. அவள் கட்டைவிரல் அசைந்தது.

"எத்தன?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இருபத்தஞ்சு."

"அது நல்லதா?"

"ரொம்ப நல்லதுப்பா."

அவள் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அந்தக் கையெழுத்து காயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் பாதி ஆகியிருந்தது. மூப்பர் நேரம் கழித்து வருவதை அந்தச் சபை அதுவரை பார்த்ததில்லை, தலைகள் திரும்பின. தவசிமுத்து யாருக்கும் தலை குனியவில்லை. மகளை முன்னால் நடக்கவிட்டு, நடுப்பாதை வழியாக, நிதானமாகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.